லூசா அக்காவுக்கு ஒரு ரவிக்கைத் துணி

கல்யாணமான கையோடு தகரப் பெட்டியும் நானுமாகத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து இறங்கிய அன்று நல்ல மழை. லாரியை விட்டு இறங்கித் தோட்டத்து ஆஸ்பத்திரி வரைக்கும் நடப்பதற்குள் கால் முழுக்க அட்டை. எங்கள் திருநெல்வேலிச் சீமையில் அட்டையை யார் கண்டது? நான் போட்ட கூச்சலில் லயத்து வரிசை வீடுகளிலிருந்த பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். என்னைக் கட்டிய கம்பவுண்டர் மருந்துப் பெட்டியைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் கடைசி மட்டும் எதையாவது தேடிக்கொண்டேதான் இருந்தார், அது வேறு கதை. கறுப்புக் கம்பளி போர்த்திய ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, முந்தானையில் முடிந்திருந்த உப்பை எடுத்துத் தேய்த்தாள். அட்டைகள் சுருண்டு விழுந்தன.

"கம்பவுண்டரு எனக்குக் கொழுந்தன் மொறை. அப்பம் நீ எனக்குத் தங்கச்சி. அழாத தாயி," என்றாள். "இந்த அட்டைக்குத்தான் இன்னும் ஒரு மொறை அம்பிட மாட்டேங்கு. அம்பிட்டா கடிக்காது."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

அந்தக் கணக்குப்படி நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் தோட்டமே அவளை, அண்ணன் பெண்சாதியைக் கூப்பிடுகிற மாதிரி, மைனி என்றது. ஆண்கள் கூப்பிட்டார்கள், பெண்களும் பிடித்துக்கொண்டார்கள், எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. "மொறையக் கெடுக்காத," என்று ஏசுவாள். ஏசிவிட்டு, கூப்பிட்டதற்கு வந்துவிடவும் செய்வாள். அவளுடைய சொந்தப் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அவள் வளர்த்த பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றைக்கும் அந்த மலையில் இருக்கிறார்கள். அதோடு, அந்தப் பேர் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணி கத்துகிற பேர். மனுஷர் யாரும் அதைச் சொல்லி அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எவரையும் சும்மா ஓர் ஆள் என்று விட்டுவைக்க மைனிக்குத் தெரியாது. எதிரே வருகிறவர் தனக்கு என்ன முறை வேண்டும் என்று தீர்த்துக்கொண்டுதான் மறுபேச்சுப் பேசுவாள். கங்காணி மாமா. கடைக்கார மலையாளி மச்சான். பெரிய துரை அவளுக்குச் சின்ன மாமனார் என்று எப்படியோ கணக்கு வந்தது. துரை மோட்டார் சைக்கிளில் வருகிற சத்தம் கேட்டால், மாமனார் வருகிறார் என்று முக்காட்டை இழுத்துவிட்டு வேலியோரம் ஒதுங்கி நிற்பாள். அந்த மனிதர் அதைத் தனக்குக் காட்டுகிற மரியாதை என்று எண்ணித் தொப்பியைத் தொட்டுக்கொண்டு போவார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

சிரிக்க முடியாத சமயமும் உண்டு. ஒரு தடவை லாரிக் கிளீனர் ஒருவன் காய்ச்சலில் எங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான். எந்த ஊர், எந்த மதம் என்று டிரைவருக்கே தெரியவில்லை. பெஞ்சில் கிடத்திவிட்டு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அழுவதற்கு ஓர் ஆள் இல்லை. கொழுந்துக் கூடையோடு வந்த மைனி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்னைய விட எளையவன்தான். தம்பி மொறை," என்றாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "ஏ ராசா, அக்கா வந்திருக்கேன் பாருய்யா," என்று ஆரம்பித்தாள் பாருங்கள், நின்ற ஆண்பிள்ளைகள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பெட்டியிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்துவந்து அவன்மேல் போர்த்தினாள். கூடப்பிறந்தவள் செய்கிற முறையை ஒன்று விடாமல் செய்தாள்.

இப்படி உலகத்துக்கே முறை வைத்தவளை, நாங்கள் எந்த முறையிலும் உள்ளே சேர்க்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஆங்கிலிக்கன் சபையில் தாய்மாருக்கு ஒரு சங்கம் இருந்தது. இங்கிலாந்துச் சீமையில் தொடங்கி, கப்பல் போகிற இடமெல்லாம் போய், எங்கள் மலைக்கும் ஏறி வந்த சங்கம். புதன்கிழமை சாயங்காலம் கொழுந்தை எடைபோட்ட பிறகு பள்ளிக்கூடத்தில் கூடுவோம். சபையைக் கவனித்துக்கொள்கிற உபதேசியாரின் சம்சாரம்தான் தலைவி. அங்கத்தினர் ஆகிறவர்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று வாக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் சேலையில் குத்திக்கொள்ள ஒரு நீலப் பதக்கம் கிடைக்கும். அதற்கு முன்னால் சட்டம் ஒன்று உண்டு. கோயிலில் கட்டிய புருஷனோடு வாழ்கிறவளாக இருக்க வேண்டும்.

மைனியைக் கோயிலில் கட்டியவர் ஏலத்தோட்டத்துப் பக்கம் இன்னொருத்தியோடு போனவர், திரும்பவில்லை. பிறகு எங்கள் லயத்தில் பெண்சாதியை இழந்த ஒருவருக்குக் கைக்குழந்தையும் நடைக்குழந்தையுமாக இரண்டு பெண்கள். அந்தப் பிள்ளைகள் பசியில் அழுகிற சத்தம் கேட்டு, கஞ்சி கொண்டுபோன மைனி அப்படியே அந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். முதல் புருஷன் உயிரோடு இருக்கையில் பாதிரி ஐயர் எப்படி மந்திரித்துக் கட்டிவைப்பார்? கட்டிவைக்கவில்லை. ஆகவே நற்கருணை கிடையாது, சங்கமும் கிடையாது.

ஆனாலும் ஒரு புதன்கிழமைகூடத் தவறமாட்டாள். பள்ளிக்கூட வாசற்படியில் உட்காருவாள். படிக்கு உள்ளே சங்கம், படிக்கு வெளியே மழை, இரண்டுக்கும் நடுவில் மைனி. எங்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொள்வாள், கட்டன் சாயா போட்டுத் தருவாள், பண்டிகை நாளில் எங்கள் சேலை கிழியாமல் பதக்கத்தைக் குத்திவிடுவதும் அவள்தான். ஒவ்வொருத்திக்கும் குத்திவிட்டு, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்ப்பாள்.

"சித்தி, எனக்கும் ஒரு வழி இல்லையா?" என்று உபதேசியாரம்மாவிடம் ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"சட்டம் நானா போட்டேன்? சீமையில போட்டது. எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்," என்றார் அந்த அம்மா. கெட்ட மனுஷி இல்லை, சட்டத்துக்குப் பயந்த மனுஷி. மெதுவாக இன்னொன்றும் சொன்னார். "ஒண்ணு சொல்லுதேன். அந்த ஆளு இல்லைன்னு ஒரு சேதி வந்துட்டா, ஐயரு ஒங்க ரெண்டு பேரையும் கட்டி வச்சிருவாவ. அப்பம் நீ சேந்துக்கிடலாம்."

மைனி காதைப் பொத்திக்கொண்டாள். "அதுக்கு நான் எப்படி முழங்கால் போடுவேன் சித்தி? விட்டுட்டுப் போனாலும் அவிய எனக்கு அவியதான?"

என் புருஷன் அப்படி ஓடியிருந்தால் நான் முழங்கால் என்ன, சாஷ்டாங்கமாகவே விழுந்து அவர் போய்ச்சேர ஜெபித்திருப்பேன்.

சரி, லூசா அக்காவுக்கு வருகிறேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா ஒருத்தர் எங்கள் சங்கத்தைப் பார்க்க வருவார். பழுத்த ஆத்துமா. தமிழ் படித்தவர், ஆனால் அவர் தமிழில் ஆண்பால் பெண்பால் எல்லாம் கலந்து கட்டி வரும். உபதேசியாரையே "அது சாப்பிட்டதா?" என்று கேட்பார். அந்த வருஷம் அவர் வந்து, உலகத்தில் எங்கெங்கோ உள்ள நம் சங்கத்துத் தாய்மாரையெல்லாம் ஜோடி சேர்த்திருப்பதாகச் சொன்னார். ஒருவருக்காக ஒருவர் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஜெபிக்க வேண்டும். பூமி சுற்றுவதால் நமக்கு மத்தியானம் முடியும்போது அவர்களுக்கு மத்தியானம் வரும், அவர்களுக்கு முடிந்தால் இன்னொரு தேசத்துக்கு வரும், ஜெபம் நிற்காமல் உலகத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றார்.

"கொழுந்து மூட்டைய லாரியில ஏத்துத மாதிரி. கைக்குக் கை," என்றாள் வாசற்படியிலிருந்து மைனி.

"மெய்தான், மெய்தான்," என்று சந்தோஷப்பட்டார் மிஸ்ஸியம்மா. "உங்களுக்கு ஆப்பிரிக்காவில் இருந்து லூசாக்கா கிடைத்திருக்கிறது. நீங்கள் லூசாக்காவுக்காக ஜெபியுங்கள். லூசாக்கா உங்களுக்காக ஜெபிக்கிறது."

நாங்கள் என்னத்தைக் கண்டோம்? எங்கள் பக்கம் லூசம்மாள் உண்டு, லூசியாள் உண்டு. ஆப்பிரிக்காவில் ஒரு லூசா அக்கா இருக்கிறார், அவரே அந்த ஊர்ச் சங்கத்துக்குத் தலைவி என்று எடுத்துக்கொண்டோம். 'ஜெபிக்கிறது' என்றதும் ஒருத்திக்கும் சந்தேகம் தட்டவில்லை. அந்த அம்மாவுக்கு உபதேசியாரே அதுதானே!

மைனிக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஆளுக்கு இரண்டு தம்ளர் சாயா ஊற்றினாள். "எனக்கு அக்கான்னு சொல்ல யாருமே இல்ல தங்கச்சி. எங்க வீட்டுல நான் தலைச்சன். இங்கயும் எல்லாத்துக்கும் நான்தான் மூத்தவ. இப்பம் பாரு, கடல் தாண்டி எனக்கு ஒரு அக்கா."

அதற்குப் பிறகு மத்தியானம் ஃபாக்டரிச் சங்கு ஊதினால் மலைச்சரிவில் பார்க்க வேண்டுமே! தலையில் கூடையோடு பெண்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். மைனிதான் குரல் கொடுப்பாள். கம்பவுண்டருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் நானும் போய் நின்று கேட்பேன். லூசா அக்காவின் கஷ்டம் என்ன என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தன் கஷ்டங்களையே மைனி அந்த அக்காவுக்கும் வைத்தாள்.

"ஆண்டவரே, லூசா அக்காவுக்கு அட்டை கடிக்காமப் பாத்துக்கிடும். அவிய வீட்டு வெறகு நனையாமப் பாத்துக்கிடும். கங்காணி அவியள ஏசாம இருக்கட்டும். மூட்டு வலிக்காம மேட்டுல ஏத்திவிடும். பெத்த பிள்ளையோ, வளத்த பிள்ளையோ, அவிய பிள்ளைய சோறு கேட்டு அழாம இருக்கணும்."

"ஆமென்," என்பார்கள் எல்லோரும். உபதேசியாரம்மாவும் புதன்கிழமைதோறும் லூசா அக்காவின் மூட்டுவலிக்காக உருகி உருகி ஜெபித்தவர்தான். நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு நாள் கொழுந்து கிள்ளிக்கொண்டே மைனி என்னிடம் சொன்னாள். "அந்த அக்காவுக்கு என் கதை ஒண்ணும் தெரியாதுல்லா. நான் உள்ள இருக்கனா, படியில இருக்கனான்னு அவியளுக்குத் தெரியாது. தெரியாம எனக்கும் சேத்துத்தான முழங்கால் போடுதாவ? அது போதும் தங்கச்சி. சித்தி பதக்கம் குடுக்காட்டாப் போகுது."

அவள் கூடையில் விழுந்த முற்றிய இலை ஒன்றைப் பொறுக்கி எறிந்தேன்.

மறுவருஷம் மிஸ்ஸியம்மா வருகிற நாளுக்காக மைனி சந்தையில் ஒரு ரவிக்கைத் துணி எடுத்து வைத்திருந்தாள். கத்திரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி. "அக்காவுக்குச் சேலை எடுக்க வக்கில்ல. அவிய ஒல்லியோ, பெருத்த உடம்போ, தாராளமாவே கிழிச்சித் தரச் சொன்னேன்," என்றாள். கூட்டம் முடிந்து ஜெபித்து எழுந்ததும், வாசற்படியிலிருந்து எழுந்து முதல் தடவையாக உள்ளே வந்தாள். மிஸ்ஸியம்மா முன்னால் போய் இரண்டு கையாலும் துணியை நீட்டினாள்.

"அம்மா, இத லூசா அக்காகிட்டக் குடுத்திருங்க. தங்கச்சி குடுத்தான்னு சொல்லுங்க."

மிஸ்ஸியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். நல்ல மனசோடு வந்த சிரிப்புத்தான். "என் பிரியமானவளே, லூசாக்கா ஒரு ஸ்திரீ அல்ல. அது ஊர். பெரிய பட்டணம்."

பள்ளிக்கூடமே சிரித்தது. எல்லோரையும் விட உபதேசியாரம்மா சிரித்தார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "நீங்களும் வருஷம் பூரா பட்டணத்தோட மூட்டுவலிக்குத்தான ஜெபம் பண்ணினீய?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். கொஞ்ச நாள் அந்த அம்மா என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

மைனி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "ஊரா?" என்றாள். நீட்டிய துணியைத் திரும்ப நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "ஊருக்கு எப்படிம்மா ரவிக்கை தைக்க?"

மிஸ்ஸியம்மாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கொடு, அங்கே யாருக்காவது அனுப்புகிறேன் என்று கை நீட்டினார். மைனி கொடுக்கவில்லை. அவளுக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது.

"அப்பம் அங்க எங்களுக்காக ஜெபிச்சது யாரும்மா?"

"அங்கே உள்ள சங்கத்தின் அங்கத்தினர்கள். அவர்கள் இங்கே உள்ள அங்கத்தினர்களுக்காக ஜெபிக்கிறார்கள்," என்றார் மிஸ்ஸியம்மா. பிறகு அவள் சேலையைப் பார்த்தார். "உன் பதக்கம் எங்கே? ஏன் குத்தவில்லை?"

சிரிப்பு பட்டென்று நின்றது. உபதேசியாரம்மா மிஸ்ஸியம்மாவின் காதோரம் போய் ஏதோ சொன்னார். மிஸ்ஸியம்மாவின் முகம் சுண்டியது. தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அப்புறம்தான், "எல்லாருக்காகவும்தான் ஜெபிக்கிறார்கள்," என்றார்.

அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள் மைனி. ஆனால் அந்த வார்த்தை வருவதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாயாத் தம்ளர்களைப் பொறுக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வழக்கம்போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். அடுத்த புதன்கிழமை வாசற்படி காலியாகக் கிடந்தது. கூப்பிடப் போனேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள். பிள்ளை முற்றத்தில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் சங்கு ஊதினால் மற்றப் பெண்கள் நிற்பார்கள். மைனி நிற்கவில்லை. அவள் கை பாட்டுக்குக் கொழுந்து கிள்ளிக்கொண்டே இருந்தது. குரல் கொடுக்க ஆளில்லாமல் உபதேசியாரம்மா ஒரு ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார். எங்களுக்கு அந்த வருஷம் வேறு ஏதோ ஒரு பட்டணம் கிடைத்திருந்தது. அது பட்டணம்தான் என்று நன்றாக விளக்கியும் இருந்தார்கள். "அவ்வூர்த் தாய்மாரை ஆசீர்வதியும், ஆமென்," என்றால் முடிந்தது. சங்குச் சத்தம் அடங்குவதற்குள் ஜெபம் முடிந்து, சோற்றுச் சட்டியைத் திறந்துவிடுவார்கள். அந்த ஊரில் யாருக்கு மூட்டுவலி, யார் வீட்டு விறகு நனைந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

எவ்வளவோ வருஷம் கழித்து, நாங்கள் வேலை முடிந்து மலையை விட்டு இறங்கிய பிறகு, சங்கத்தில் அந்தச் சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தளர்த்தக்கூடிய சட்டம் என்றால் அன்றைக்கே தளர்த்தினால் என்ன குடியா முழுகிப்போயிருக்கும்? என் பெட்டியில் கிடந்த நீலப் பதக்கத்தை எடுத்து, மைனியிடம் கொடுக்கச் சொல்லிக் காந்தலூருக்கு ஆள் அனுப்பினேன். மைனி அதற்கு முந்திய மழைக்காலத்திலேயே கண்ணை மூடிவிட்டாள் என்று அந்த ஆள் பதக்கத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நான் அதைக் குத்திக்கொள்வதில்லை.

காந்தலூர் என்றது ஏன் என்று சொல்லவில்லையே. துணி வாங்கிய வருஷம் கழிந்து, அவள் வீட்டுக்காரருக்கு அங்கே பூண்டுக் காட்டில் வேலை கிடைத்தது. லயத்தைக் காலி செய்துகொண்டு தோட்டத்து லாரியில் கிளம்பினார்கள். நான் வழியனுப்பப் போயிருந்தேன். சட்டி பானை ஏற்றி, பிள்ளைகளை ஏற்றி, கடைசியாக மைனி ஏறி மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து மத்தியானச் சங்கு ஊதியது. அவள் உதடு அசைந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மைனி! நீங்க இப்பம் ஜெபிக்கது இல்லன்னுல்லா நெனச்சேன்?"

"நின்னாத்தான் ஜெபமா? கை பறிக்கும், வாய் சொல்லும்."

"யாருக்காவ சொல்லுதீய?"

மைனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சட்டம் எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்னு சித்தி சொன்னாவல்லா. அப்பம் அந்த ஆப்பிரிக்காப் பட்டணத்துலயும் வாசப்படியில ஒருத்தி உக்காந்திருக்கணும்லா, தங்கச்சி? உள்ள இருக்கவியளுக்கு ஒலகம் பூரா முழங்கால் போடுது. பாவம், அவளுக்கு யாரு இருக்கா?"

டிரைவர் லாரியை முடுக்கிவிட்டான். சத்தத்துக்கு மேலே அவள் குனிந்து என் காதில் சொன்னாள்.

"பேரு தெரியல. நான் லூசா அக்கான்னே சொல்லிக்கிடுதேன்."